நாற்பத்திரண்டாம் இரவின் கேள்வி

இஸ்லாமியர் மிக உயர்வாக மதிக்கும் நபிமொழித் தொகுப்புகளில் ஒன்று சஹீஹ் முஸ்லிம். அதில் கருவைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. கருப்பையில் தங்கிய துளிக்கு 42 இரவுகள் கழிந்ததும் இறைவன் ஒரு வானவரை அனுப்புகிறான். அவர் அதற்கு உருவம் கொடுக்கிறார். செவி, பார்வை, தோல், சதை, எலும்பு எல்லாம் அமைக்கிறார். அதற்குப் பிறகுதான் கேட்கிறார்: இறைவா, இது ஆணா, பெண்ணா? இறைவன் தான் நாடியதை முடிவு செய்கிறான். வானவர் எழுதிக்கொள்கிறார்.

இந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் உடம்பு, அடுத்துக் கேள்வி. கண்ணையும் காதையும் அமைத்தவருக்கே அது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அப்படியானால் அந்த 42 இரவுகளும் உள்ளே இருந்தது என்ன? ஆண்மையும் பெண்மையும் உயிரோடு கூடவே வந்தவையா, உடம்பு பாதி உருவான பின் வந்து சேர்ந்தவையா? பெரிய சமயங்கள் பலவும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. யார் பூசை செய்யலாம், யார் துறவு பூணலாம், யாருக்கு எவ்வளவு சொத்து, யாருக்கு வீடுபேறு என்ற வழக்குகளெல்லாம் இதற்குச் சொன்ன பதிலின் மேல்தான் நிற்கின்றன.

ஆகவே உடம்புக்குள் நடப்பதை முதலில் அருகில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஆறு வாரம் நிறைந்த மனிதக் கரு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து நாள் எண்ணுவதால் அவர்கள் கணக்கில் இது எட்டாவது வாரம். இதயம் துடிக்கத் தொடங்கிப் பல நாளாகிவிட்டது. கைகள் சிறு தட்டுகளாக நீண்டு, விரல்களுக்கான வரிகள் தெரிகின்றன. வயிற்றுக்குள், முதுகெலும்பு வரப்போகும் இடத்துக்கு இரு பக்கத்திலும், தற்காலிகச் சிறுநீரகங்களை ஒட்டி இரண்டு சிறு மேடுகள் எழும்பியிருக்கின்றன. பின்னாளில் விரையாகவோ சினைப்பையாகவோ ஆகப்போகிறவை இவைதான். இந்த வயதில் எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் வடிவத்தைக் கொண்டு வித்தியாசம் சொல்ல முடியாது.

அந்த மேட்டுக்குள் குடியேறும் உயிரணுக்கள் அங்கே பிறந்தவை அல்ல. அடுத்த தலைமுறைக்கான விந்தணுவும் கருமுட்டையும் எந்த அணுக்களிலிருந்து வருமோ, அவை நான்காவது வாரத்தில் கருவின் உடலுக்கு வெளியே, மஞ்சட்கருப் பையின் சுவரில் தோன்றுகின்றன. அங்கிருந்து குடலைத் தாங்கும் சவ்வு வழியாக, தாமே ஊர்ந்து, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் அந்த மேடுகளுக்கு வந்து சேர்கின்றன. வழி தவறியவை பெரும்பாலும் மடிந்துபோகின்றன. போகும் இடம் விரையா சினைப்பையா என்பது பயணம் கிளம்பும்போது தீர்மானமாகியிருக்கவில்லை.

மேடுகளுக்கு அருகே இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கின்றன. ஒரு ஜோடி, தற்காலிகச் சிறுநீரகத்தின் கழிவுக்குழாயாகத் தொடங்கியது. 1759-ல் கருவளர்ச்சி பற்றிய தன் ஆய்வேட்டை வெளியிட்ட காஸ்பர் ஃப்ரீட்ரிச் வோல்ஃபின் பெயரால் அது வோல்ஃபியன் நாளம். இன்னொன்று, 1830-ல் அதை விவரித்த யோஹன்னஸ் முல்லரின் பெயரால் முல்லேரியன் நாளம். முதலாவது நிலைத்தால் விந்துக்குழாயாகவும் விந்துப்பையாகவும் மாறும். இரண்டாவது நிலைத்தால் கருக்குழாயும் கருப்பையும் உருவாகும். ஆறாவது, ஏழாவது வாரங்களில் ஒவ்வொரு கருவிடமும் இரண்டு ஜோடியும் இருக்கின்றன. ஆணாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒருகாலத்தில் கருப்பைக்கான தொடக்கம் இருந்தது. பெண்ணாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் விந்துக்குழாய்க்கான தொடக்கம் இருந்தது.

எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் அறிமுகமான வாசகர் இங்கே மறிக்கக்கூடும்: தந்தையின் விந்தணு ஒய் குரோமோசோமைக் கொண்டுவந்ததா இல்லையா என்பது முதல் நாளே முடிந்துவிட்ட விஷயமாயிற்றே? உண்மைதான். 1905-ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டுகளின் அணுக்களில் இதைக் கண்டார். மனிதரிடம் ஒய் குரோமோசோமே ஆண் உடம்புக்குக் காரணம் என்பது 1959-ல் உறுதியானது: எக்ஸ் இரண்டோடு ஒரு ஒய் கூடியவர்கள் ஆணாகவும், ஒற்றை எக்ஸ் மட்டும் உள்ளவர்கள் பெண்ணாகவும் பிறப்பதைப் பார்த்துத் தெளிந்தார்கள். ஆனால் உத்தரவு பெட்டிக்குள் இருப்பது வேறு, அது பிரித்து வாசிக்கப்படுவது வேறு. ஒய் குரோமோசோமின் குட்டையான கையில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணு, 1990-ல் லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்களால் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதக் கருவில் அது முழு வேகத்தில் இயங்குவது ஆறாவது வாரத்தின் முடிவை ஒட்டித்தான். அதுவரை உத்தரவு இருக்கிறது, உடம்பு அதை இன்னும் கேட்கவில்லை.

எஸ்.ஆர்.ஒய் இயங்கியதும் சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணு விழித்துக்கொள்கிறது. ஏழாவது வாரத்தில் மேட்டுக்குள் அணுக்கள் வரிசைகட்டி, விரையின் நுண்குழல்களாகின்றன. அந்த அணுக்கள் சுரக்கும் ஒரு ஹார்மோன் முல்லேரியன் நாளத்தைக் கரைக்கிறது. எட்டாவது வாரத்தில் வேறு அணுக்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்க, வோல்ஃபியன் நாளம் நிலைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனின் வீரியமான மாற்று வடிவம் வெளியுறுப்பை உருவாக்குகிறது. ஒன்பதாவது வாரம் வரை வெளியே எல்லாக் கருவிலும் ஒரே முளை, ஒரே இரட்டை மடிப்பு, அதைச் சூழ்ந்த ஒரே இரட்டை வீக்கம். அந்த முளை ஒருவரிடம் ஆண்குறியின் நுனியாகவும் மற்றவரிடம் கிளிட்டோரிஸாகவும் ஆகிறது. அந்த வீக்கம் ஒருவரிடம் நடுவில் ஒட்டி விரைப்பையாகிறது. மற்றவரிடம் ஒட்டாமல் வெளி உதடுகளாக நிற்கிறது. ஒட்டிய இடத்தின் தழும்பு விரைப்பையின் நடுவே ஒரு கோடாக ஆயுள் முழுவதும் தெரியும். ஆண்களின் மார்புக்காம்பும் இப்படித்தான்: பால் பிரிவதற்கு முன்பே உடம்பு அதைப் போட்டுவிட்டது.

விரைகள் இருந்த இடமும் ஒரு சாட்சி. வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகங்களுக்கருகே தோன்றிய அவை, சுமார் ஏழாவது மாதத்தில் இடுப்புக் கால்வாய் வழியாக இறங்கிப் பைக்குள் வருகின்றன. அந்தப் பாதை சரியாக அடைபடாத இடத்தில்தான் பின்னாளில் ஆண்களுக்குக் குடலிறக்கம் வருகிறது. சினைப்பை அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் அதற்குள் நடக்கும் வேலை பிரமிக்க வைப்பது. ஐந்தாவது மாதத்தில் ஒரு பெண் சிசுவிடம் 60 முதல் 70 லட்சம் கருமுட்டைத் தொடக்கங்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் மிஞ்சுகின்றன. பிறந்த பின் புதிதாகச் சேர்வதில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஒரு மனிதர் எந்த முட்டையிலிருந்து வந்தாரோ அது அவருடைய அம்மா கருவில் இருந்தபோதே, பாட்டியின் வயிற்றுக்குள் உருவாகிவிட்டது. மூதாதையர் என்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சிராத்த மந்திரம் சொல்கிறவர்களும் யோசிக்க வேண்டிய செய்தி இது.

இத்தனையும் தெரியாத காலத்தில் சிந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள்?

அரிஸ்டாட்டில், பெண் என்பவள் முழுமை பெறாத ஆண் என்று எழுதினார். கருவுக்கு வடிவம் தருவது ஆணின் விந்து. அதன் சூடு போதாவிட்டால் வடிவம் குறைப்பட்டுப் பெண்ணாகிறது என்பது அவர் வாதம். ஆண் கரு நாற்பதாம் நாள் வாக்கிலும் பெண் கரு தொண்ணூறாம் நாள் வாக்கிலும் அசையத் தொடங்குவதாகவும் அவர் குறித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இந்த உயிரியலை அப்படியே வாங்கிக்கொண்டு, தனி இயற்கை என்ற அளவில் பெண் குறையுள்ளவள், ஆனால் மொத்தப் படைப்பின் திட்டத்தில் குறையல்ல என்று சமாதானம் சொன்னார். ஒரு தவறான உடற்கூற்றுக் கருத்து ஐரோப்பியக் கிறித்தவச் சிந்தனைக்குள் நூற்றாண்டுக்கணக்கில் தங்கியது இப்படித்தான்.

யூத அறிஞர்களிடம் இதே கேள்வி ஒரு வழக்காகவே நடந்தது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் நித்தா பகுதியில் ரபி இஸ்மவேல், ஆண் கரு 41 நாளில் உருப்பெறும், பெண் கரு 81 நாளில் என்கிறார். ஆண் குழந்தை பெற்றவளின் தூய்மைக்காலம் 40 நாள், பெண் பெற்றவளுக்கு 80 நாள் என்று லேவியராகமம் விதித்திருப்பது அவருக்கு ஆதாரம். மற்ற அறிஞர்கள் மறுக்கிறார்கள்: இரண்டும் 41 நாள்தான். மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத் இந்த விவாதத்தில் ஒரு கொடிய கதையைச் சேர்க்கிறது. அலெக்சாண்டிரியாவின் அரசி கிளியோபாத்ரா, மரண தண்டனை விதிக்கப்பட்ட அடிமைப் பெண்களைக் கருவுறச் செய்து, கொன்று, வயிற்றைத் திறந்து நாள் கணக்குப் பார்த்தாளாம். இரண்டும் 41-ல் உருவாகியிருந்தன என்று அறிஞர்கள் சொன்ன கதை. ரபி இஸ்மவேலோ அதே கதையை 41, 81 என்று முடியும்படி சொல்கிறார். கதை நடந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்ணின் கரு தாமதமானது, ஆகவே தாழ்ந்தது என்ற எண்ணத்தைப் பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்காமல் விட்டது சட்டமாகப் பதிவாகியிருக்கிறது. அதற்காக அவர்களை மதிக்கத்தான் வேண்டும்.

இந்திய நூல்கள் வேறு வழியில் போயின. சரக சம்ஹிதை இரண்டாம் மாதத்துக் கருவின் வடிவத்தைப் பார்க்கச் சொல்கிறது: உருண்டை ஆண், நீண்ட தசை பெண், கட்டி போன்றது இரண்டுமல்லாதது. திருமந்திரத்தின் கரு உற்பத்திப் பகுதி மூச்சின் மேல் கணக்கை வைக்கிறது: கூடும் நேரத்தில் மூச்சு வலப்பக்கம் ஓடினால் ஆண், இடப்பக்கம் என்றால் பெண், இரண்டிலும் சமமாக ஓடினால் மூன்றாவது. கர்ப்ப உபநிடதமோ தந்தையின் வித்து, தாயின் வித்து இரண்டில் எது மிகுந்ததோ அதன்படி என்கிறது, சமமானால் மீண்டும் மூன்றாவது. உடற்கூற்றாக இவற்றில் எதுவும் நிற்காது. ஆனாலும் ஒரு வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. அரிஸ்டாட்டிலின் ஏணியில் ஆண் உச்சி, பெண் இறக்கம். இங்கே தராசு: இரு தட்டும் எடையுள்ளவை, மூன்றாவது நிலை தராசின் இயல்பிலேயே உண்டு.

தராசு சமன் என்றால் சமூகமும் சமன் என்று சொல்லிவிட முடியாது. சரகரே, கருவில் பால் வெளிப்படும் முன் பும்சவனம் செய்யச் சொல்கிறார். அது ஆண் பிள்ளைக்கான சடங்கு. யூத மரபிலும் இதே ஆசை. கருவுற்ற மனைவிக்கு ஆண் பிறக்க வேண்டுமென்று வேண்டுவது வீண் வேண்டுதல் என்று மிஷ்னா கண்டிக்கிறது. தால்முத் அதைச் சற்றுத் தளர்த்தி, நாற்பது நாளுக்குள் என்றால் வேண்டிக்கொள்ளலாம் என்கிறது. கருவில் இன்னும் முடிவாகாத காலம் ஒன்று உண்டு என்று உணர்ந்ததும் இரு மரபிலும் மனிதர் முதலில் கேட்டது மகனைத்தான். இன்று தமிழ் பிராமணக் குடும்பங்களில் பும்சவனம் பெரும்பாலும் சீமந்தத்தோடு சேர்த்து ஆறாவது அல்லது எட்டாவது மாதத்தில் நடக்கிறது. உறுப்புகள் வெளிப்படையாகப் பிரிந்து மாதங்கள் ஆகிவிட்ட நேரம் அது. குழந்தையின் நலத்துக்கான ஆசியாக மட்டுமே அதைச் செய்கிற இளம் தம்பதியர் சரியான பக்கத்தில் இருக்கிறார்கள்.

பெண் குழந்தைகளாகப் பெறுகிறாள் என்று மருமகளை ஏசும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மட்டுமே வரும் என்ற பாடம் பத்தாம் வகுப்பைத் தாண்டி வீட்டுக்குள் நுழையவே இல்லை. கருவின் பாலைப் பெற்றோரிடம் சொல்வதைத் தடுக்க 1994-ல் இந்தியா ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அரிஸ்டாட்டில் ஒழிந்தார் என்று அறிவியல் மகிழ்ந்த நேரத்தில் அவர் வேறு உடையில் திரும்பி வந்தார். 1947-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட், தாயின் வயிற்றுக்குள் இருந்த முயல் குட்டிகளின் பாலுறுப்பு மேடுகளை அகற்றிப் பார்த்தார். குரோமோசோம் எதுவாக இருந்தாலும் எல்லாக் குட்டிகளுக்கும் பெண்ணின் குழாய்களே வளர்ந்தன. மிகத் திறமையான, அடித்தளமான சோதனை அது. ஆனால் அதிலிருந்து பாடநூல்கள் எடுத்துக்கொண்ட வாக்கியம் வேறு: பெண் என்பது ஒன்றும் நடக்காவிட்டால் தானாக வரும் நிலை. ஆண் ஆக்கப்படுகிறான், பெண் மிஞ்சுகிறாள். இல்லாமையைக் கொண்டு பெண்ணை விளக்கும் பழைய பழக்கம்தான் இது. அரிஸ்டாட்டில் சூடு இல்லை என்றார், பாடநூல் ஹார்மோன் இல்லை என்றது. அரை நூற்றாண்டுக்கு சினைப்பை எப்படி உருவாகிறது என்று கேட்டவர்களே குறைவு; தானாக வருவதை யார் ஆராய்வார்கள்?

கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. சினைப்பையை உருவாக்கத் தனி மரபணுக்கள் முனைந்து வேலை செய்கின்றன, டபிள்யூ.என்.டி4, ஆர்.எஸ்.பி.ஓ1, ஃபாக்ஸ்எல்2 என்று அவற்றுக்குப் பெயர்கள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் ஃபாக்ஸ்எல்2 மரபணுவை முடக்கியதும் அங்கிருந்த அணுக்கள் விரையின் அணுக்களைப் போல மாறத் தொடங்கின. 2011-ல் விரையில் டிஎம்ஆர்டி1 மரபணுவை முடக்கியபோது எதிர்த்திசையில் அதேபோல் நடந்தது. சினைப்பை சினைப்பையாகவே நீடிக்க ஆயுள் முழுவதும் ஒரு வேலை நடந்தபடி இருக்கிறது, விரைக்கும் அப்படியே. 2017-ல் இன்னொன்று தெரிந்தது: பெண் கருவில் வோல்ஃபியன் நாளம் டெஸ்டோஸ்டிரோன் இல்லாததால் சும்மா வாடிப்போவதில்லை, சூப்-டிஎஃப்2 என்ற புரதம் அதை முனைந்து அகற்றுகிறது. மிச்சமாக வந்த உடம்பு என்று எதுவும் இல்லை. இருவருமே ஆக்கப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சபலம் தலைகாட்டும். 42 இரவு என்கிறது நபிமொழி, 41 நாள் என்கிறது மிஷ்னா, ஆறாவது வாரத்தின் முடிவு என்கிறது ஆய்வகம். பார்த்தீர்களா, எங்கள் வேதம் அன்றே சொல்லிவிட்டது என்று மேடையில் முழங்க இது போதும். முழங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேதத்துக்கும் நல்லதல்ல, அறிவியலுக்கும் நல்லதல்ல. இதே நபிமொழித் தொகுப்புகளில் உயிர் ஊதப்படுவதை 120 நாளுக்குப் பின் வைக்கும் செய்தியும் உண்டு; இரண்டையும் பொருத்திப் பார்க்க அறிஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நாற்பது என்ற எண் பிரளய மழைக்கும் சீனாய் மலைக்கும் பாலைவன நோன்புக்கும் பொதுவாக வருவது. கலைந்த கருவைக் கையில் ஏந்திப் பார்த்த மருத்துவச்சிகளுக்கு, ஏறக்குறைய அந்த நாளில்தான் மனித உருவம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்பதும் போதுமான விளக்கம். எண் பொருந்துவதால் நூல் உயர்வதில்லை. நாளைக்கு ஆய்வகம் கணக்கைத் திருத்தினால் நூலைத் தாழ்த்துவார்களா?

அந்தச் செய்தியின் கனம் எண்ணில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. உடம்பைச் செய்தவர் அதன் பாலைத் தாமே முடிவு செய்யாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

எல்லா உடம்பிலும் பதில் ஒரே சொல்லாக வருவதில்லை. ஒய் குரோமோசோம், எஸ்.ஆர்.ஒய், விரை, தேவையான அளவு டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் இருந்தும், அந்த ஹார்மோனை உணரும் வாங்கி அணுக்களில் வேலை செய்யாமல் போகலாம். முல்லேரியன் நாளம் கரைந்துவிட்டதால் கருப்பை இருக்காது. ஆனால் வெளியே முழுப் பெண் உடம்பு. பருவத்தில் மார்பும் வளரும். ஸ்பெயினின் தடைதாண்டும் ஓட்ட வீராங்கனை மரியா ஹொசே மார்ட்டினஸ்-பட்டினோ தனக்கு அப்படியோர் உடம்பு என்பதை 1985-ல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியின் பால் சோதனையில்தான் அறிந்தார். பட்டங்களும் உதவித்தொகையும் பறிபோயின. மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1988-ல் மீண்டும் போட்டியிட அனுமதி கிடைத்தபோது அவருடைய சிறந்த ஓட்டக் காலம் கடந்திருந்தது. தமிழ் வாசகர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருவார். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, பால் சோதனையைச் சொல்லித் திரும்ப வாங்கப்பட்டது.

டொமினிகன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் வேறொரு கதை. டெஸ்டோஸ்டிரோனை அதன் வீரிய வடிவுக்கு மாற்றும் நொதி அங்கே சில குடும்பங்களில் பரம்பரையாகக் குறைவு. குழந்தைகள் பெண் போலப் பிறந்து, பெண்ணாக வளர்க்கப்பட்டு, பன்னிரண்டு வயதை ஒட்டிக் குரல் உடைந்து, ஆணுறுப்பு வளர்ந்து, பெரும்பாலும் ஆணாக வாழத் தொடங்குகிறார்கள். 1974-ல் ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி இதை ஆய்விதழில் எழுதினார். அந்த நொதியைத் தடுத்தால் என்னாகும் என்ற யோசனையிலிருந்து வந்த ஃபினாஸ்டிரைடு, இன்று புராஸ்டேட் வீக்கத்துக்கு முதியவர்கள் விழுங்கும் மாத்திரை. அந்தக் கிராமத்தார் இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு பெயர் வைத்து, தங்கள் நடுவே வாழ விட்டிருந்தார்கள்.

பழைய சமயச் சட்டங்களும் இவர்களை அறிந்திருந்தன. தால்முத்தில் ஆண் பெண் இரு குறியும் உள்ளவருக்கும், உறுப்பு தோலால் மூடி எதுவென்று தெரியாதவருக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. ஆபிரகாமும் சாராளும் அப்படி மூடிய உடம்போடு பிறந்தவர்கள் என்று ரபி அம்மி சொன்னதாகக்கூட அதில் வருகிறது. ஓர் இனத்தின் முதல் தந்தையையும் தாயையும் பற்றி அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். இஸ்லாமிய சட்ட அறிஞர்கள் சிறுநீர் எவ்வழி வருகிறது என்று பார்த்து வாரிசுப் பங்கைத் தீர்மானித்தார்கள். தெளிவில்லாவிட்டால் வயதுக்கு வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். தொழுகையில் அவர்களை ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவில் நிறுத்தினார்கள். இதையெல்லாம் கருணை என்று மிகைப்படுத்த வேண்டாம். சொத்தையும் சடங்கையும் ஒழுங்கு செய்யப் பிறந்த வகைப்பாடு அது. பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநயம் இருகுறி உள்ளவர்களைத் துறவுக்கு ஏற்கவில்லை. ஆனால் அதே விநயத்தில், ஒரு பிக்குவின் உடம்பு பெண்ணாக மாறிவிட்டதாக வந்த வழக்கில், துறவு பூண்ட ஆண்டுக் கணக்குக் குறையாமல் அவரைப் பிக்குணிகளோடு சேர்த்துக்கொள்ளும்படி புத்தர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. உடம்பு மாறியது, பெற்ற தகுதி மாறவில்லை.

உயிருக்குப் பால் உண்டா என்ற கேள்வியை மிக நுணுக்கமாக அலசியவர்கள் சமணர்கள். உடம்பின் பால் வேறு, உள்ளத்தின் பால் உணர்வு வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். ஆண் உடம்பில் பெண் உணர்வோ மூன்றாம் உணர்வோ இருக்கலாம் என்று ஏற்றார்கள். இவ்வளவு தெளிந்த பிறகும் பெண் உடம்பிலிருந்து வீடுபேறு உண்டா என்பதில் பிளந்தார்கள். திகம்பரர் இல்லை என்றனர். சுவேதாம்பரர் உண்டு என்றதோடு, பத்தொன்பதாம் தீர்த்தங்கரரான மல்லியே பெண் என்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் சாகடாயனர் பெண்ணின் வீடுபேற்றுக்காக ஒரு நூலே எழுதி வாதாடினார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பு, பெண்ணின் அற்ப அறிவுக்கு ஞானம் எட்டாது என்று ஏளனம் செய்த, துறவியரை மயக்க வரும் மாரனிடம், மனம் ஒருமைப்பட்டவளுக்குப் பெண்மை எப்படித் தடையாகும் என்று திருப்பிக் கேட்ட சோமா என்ற பிக்குணியைப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயம் காட்டுகிறது. சைவ சித்தாந்தமும் ஆண், பெண், அலி என்ற வேறுபாட்டை உடம்போடு நிறுத்துகிறது, உயிருக்குச் சொல்வதில்லை.

கருவியல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. உயிர் என்பதை அது அளப்பதில்லை. ஆனால் ஒரு சாட்சியம் தர முடியும்: பாலைப் பிரிக்கும் முன்பே இதயம் துடித்தது, கைகள் முளைத்தன. ஓர் உடம்பு பிந்தி வாங்கிக்கொண்ட அடையாளத்தை, அதன் இறுதி விடுதலைக்கே நிபந்தனையாக வைத்த வாதங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இது ஏட்டுப் பிரச்சினையும் அல்ல. 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் மணியும் அவர் சகாக்களும் வகுத்த வழிமுறை உலகெங்கும் பரவியது: தெளிவற்ற உறுப்போடு பிறந்த குழந்தைக்குச் சீக்கிரமே ஒரு பாலை முடிவு செய், அறுவை செய்து உறுப்பைப் பொருத்தமாக்கு, பெற்றோரை ஐயம் இல்லாமல் வளர்க்கச் சொல். வயதுக்கு வரும்வரை பொறுத்திருந்த இடைக்கால இஸ்லாமிய காஜிகளிடம் இருந்த நிதானம் நவீன அறுவை அரங்கில் இல்லாமல் போனது. அப்படி அறுக்கப்பட்டவர்கள் வளர்ந்து, உணர்வு மரத்துப்போன உறுப்பையும் மறைக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகளையும் பற்றிப் பேசத் தொடங்கியது 1990-களில். 2015-ல் மால்டா இத்தகைய அறுவைகளைச் சட்டத்தால் தடுத்தது. 2019 ஏப்ரல் 22-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு மறுக்கப்பட்ட வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இடைபாலினக் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை செய்வதைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டார். அந்த ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் தமிழ்நாடு.

அந்த விலக்கை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பிரசவ அறையில் குழப்பம் வரும். அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைவதால் பெண் கருவில் ஆண் ஹார்மோன் மிகுந்து, கிளிட்டோரிஸ் பெரிதாகிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு; இந்த நொதிக் குறைவு 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படுகிறது. அவர்களில் பலருக்கு உடம்பில் உப்பு தங்காமல், பிறந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் வாந்தியும் நீரிழப்பும் கண்டு உயிருக்கே ஆபத்து வரும். வெளியுறுப்பு இயல்பான ஆண் போலவே தோன்றும் குழந்தைகளுக்கும் இது வரலாம். அவர்களிடம் எந்த அடையாளமும் இல்லாததால் நோய் தவறிப்போகிறது. இவர்களைக் காப்பாற்றுவது ஹார்மோன் மருந்தும் உப்பும். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. சிறுநீர் தடையின்றி இறங்கினால், உறுப்பின் தோற்றத்தைத் திருத்தும் கத்திக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை. குழந்தை பேசக் கற்று, பள்ளிக்குப் போய், தன் உடம்பைப் பற்றித் தானே கேட்டு, தானே சொல்லும் வயது வரும்வரை அது காத்திருக்கலாம்.